கிளினிக் கொப்பி

யட்டவத்தையில் அறுபது தாண்டியவர்களின் வீட்டில் அடையாள அட்டை எங்கே என்று தேட வேண்டியிருக்கலாம். கிளினிக் கொப்பியைத் தேட வேண்டியதில்லை. அலமாரியின் மேல், பொலித்தீன் பைக்குள் பத்திரமாக இருக்கும். பிரஷர், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல் எல்லாவற்றுக்கும் ஜாதகம் அதுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அரச ஊழியர்களின் அக்ரஹார காப்புறுதி முன்பு உத்தியோகத்தோடு முடிந்துவிடும். 2016 முதல் ஓய்வு பெறுபவர்களுக்கு அதைத் தொடர வழி கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் காப்புறுதி என்பது பெரும்பாலும் வாட்டில் படுத்தால்தான் கை கொடுக்கும். வயதானவர்களின் செலவோ குளிசையிலும் இரத்தப் பரிசோதனையிலும் பஸ் காசிலும் போகிறது. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு அந்தக் காப்புறுதியும் இல்லை. சேமலாப நிதி கைக்கு வந்த வேகத்தில் மகளின் கல்யாணத்துக்குப் போயிருக்கும்.

ஆகவே இங்கே உண்மையான காப்புறுதி அரசாங்க கிளினிக்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் அதுவும் ஆட்டம் கண்டது. இல்லாத மருந்தை ஒரு துண்டில் எழுதி, "வெளியில வாங்குங்க" என்றார்கள். அதற்கு இரண்டு வருஷம் முந்தி, கொரோனா ஊரடங்கில், கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். நடக்க முடியாதவர்களுக்காவது அந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கியிருக்கலாம். ஏனோ நம் நாட்டில் நல்ல ஏற்பாடுகள் ஆபத்துக்கு மட்டும்தான் வருகின்றன.

துண்டோடு பாமசிக்குப் போனால் இன்னொரு சிக்கல், மருந்தின் பெயர். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கியபோது, கம்பனி வைத்த பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரிலேயே எழுத வேண்டும் என்று போராடினார். சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் 'மெட்போர்மின்' என்றே எழுதுகிறார்கள். தனியார் டாக்டரோ பல நேரம் கம்பனிப் பெயரை எழுதுகிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து, இரண்டையும் விழுங்கி, வயிற்றோட்டத்தில் துவண்டு போனார். உறையில் இருந்த சிங்கள எழுத்தை வாசித்து, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல, பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த கிளினிக் நாளில் கொப்பியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வீட்டிலுள்ள குளிசை அட்டைகள், தனியார் டாக்டர் தந்தவை உட்பட, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரின் மேசையில் கொட்டுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.