பாத்திக்கு எத்தனை வாளிச் சருகு?

2022ஆம் ஆண்டு கோடையில் மண்ணெண்ணெய்க்காக நாங்கள் வரிசையில் நின்றதை வாசகிகள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் இரண்டு மிளகாய்ப் பாத்தியும் ஒரு கத்தரிப் பாத்தியும் நின்றன. நீர் இறைக்கும் இயந்திரம் எண்ணெய் இன்றிக் கிடந்தது. நானும் மாமியும் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி ஊற்றினோம். மாமிக்கோ முழங்கால் வலி. காலையில் ஊற்றினால் மாலையில் செம்மண் பழையபடி காய்ந்து கிடக்கும். எண்ணெய் இருந்தாலும் கண்டபடி இறைக்க முடியாது. குடாநாட்டுக் கிணறுகளுக்கு ஆதாரம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீர்தான். கோடையில் மிதமிஞ்சி இறைத்தால் பல இடங்களில் உவர் ஏறிவிடும்.

ஆகவே நிலத்தை மூடுவதென்று முடிவு செய்தோம்.

"சருகை அள்ளிப் போடு பிள்ளை, மண் தெரியாட்டில் சரி" என்றார் மாமி. அவர் சொன்னதும் சரிதான். ஆனால் சருகு என்ன, கேட்டவுடன் கிடைக்கிற பொருளா? கணக்கில்லாமல் கொட்டினால் முதல் பாத்தி மெத்தைபோல உயர்ந்திருக்க, மூன்றாவது பாத்திக்கு ஒன்றும் மிஞ்சாது. நான் அளவுநாடாவை எடுத்தேன்.

பாத்தி 12 அடி நீளம், 4 அடி அகலம். ஆக 48 சதுர அடி. சருகு 3 அங்குல உயரம் வேண்டும். 3 அங்குலம் என்பது கால் அடி. 48இன் காற்பங்கு 12 கன அடி. ஒரு கன அடி ஏறத்தாழ 28 லீற்றர் என்பதால் மொத்தம் 340 லீற்றர் வரும். வீட்டில் கிடந்த 20 லீற்றர் பெயின்ற் வாளியால் பதினேழு வாளி. அமுக்காமல், தளர்வாக நிரப்பிய வாளிக்குத்தான் இந்தக் கணக்கு. மூன்று பாத்திக்கும் ஐம்பத்தொரு வாளி.

ஐம்பத்தொரு வாளி என்றதும் மாமி சிரித்துவிட்டார். எங்கள் பூவரசு அவ்வளவு உதிர்க்காது. குப்பை கூட்டி எரிக்கும் பக்கத்து வீட்டாரிடம் எரிக்க வேண்டாமென்று கேட்டு வாங்கினோம். மீதிக்குக் கிளிசரியாக் கிளைகளை வெட்டிப் போட்டோம். பச்சைக் கிளிசரியா இலை உக்கும்போது மண்ணுக்கு நைதரசன் கொடுக்கும். மரத்தூள் அப்படியல்ல, மண்ணோடு கலந்தால் உக்கும் வரை மண்ணிலுள்ள நைதரசனையும் இழுத்துக்கொள்ளும். தும்புச்சோறு நெருக்கமாகப் படியும், அதற்கு 2 அங்குலம் போதும்.

செடியின் அடித்தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள். தண்டோடு ஒட்டக் கிடந்தால் அழுகலும் வரும், கறையானும் வரும்.

மூடிய பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள்தான் தண்ணீர் ஊற்றினோம். சருகை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பேன்; ஈரம் இருந்தால் அன்று மாமிக்கு ஓய்வு. ஆனால் மூன்று அங்குலம் மூன்றாகவே நிற்காது. ஒரு மாதத்தில் எங்கள் பாத்தியில் பாதியாக இறங்கிவிட்டது. பாத்திக்கு இன்னும் எட்டு, ஒன்பது வாளி தேவைப்பட்டது. இதையும் முதலிலேயே சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

மாரிக்கு இந்த அளவு சரிவராது. ஐப்பசியில் மழை பிடித்ததும் நான் சருகை ஒரு அங்குலமாகக் குறைத்துவிடுவேன். தடிப்பாகக் கிடந்தால் பகலில் ஆபிரிக்க நத்தை அதற்குள் பதுங்கியிருந்து இரவில் கன்றுகளைத் தின்றுவிடும். வழித்தெடுத்த சருகு வீண்போகாது, வாழையடிக்குப் போய்விடும்.