கரிசல் சீமையின் நாயனம்

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியாக எட்டயபுரம் போகிற சாலையின் இருபுறமும் மழையை நம்பிக் கிடக்கும் கரிசல் மண். இந்தச் சீமையில் நாயனம் என்றால் பெரியவர்கள் வாயில் முதலில் வரும் பெயர், காருகுறிச்சி அருணாசலம்.

1921-ல் நெல்லைச் சீமையின் காருகுறிச்சியில் பிறந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சேர்ந்து, குருவின் பக்கத்தில் இரண்டாம் நாயனம் வாசித்தே வித்தையைக் கற்றார். பின்னாளில் கோவில்பட்டியில் குடியேறி, கரிசல்காட்டுக்காரராகவே ஆகிவிட்டார்.

நாதஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைகள்தான். ஹார்மோனியம் மாதிரி ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக்கட்டை கிடையாது. இடையில் வரும் சுரங்களை மூச்சின் அழுத்தத்தாலும், சீவாளியை உதடு கவ்வும் பக்குவத்தாலும், துளையைப் பாதி மூடியும் வரவழைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் ராகமே கெட்டுப்போகும். தெருமுனை வரை கேட்கிற அந்த வாத்தியத்தை, தாலாட்டுப் போலக் குழைய வைத்தவர் அருணாசலம்.

அதே சாலையில் உள்ள எட்டயபுரத்தில்தான் 1835-ல் முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகளை அதே ஊரில் இருந்த சுப்பராம தீட்சிதர் 1904-ல் சுரப்படுத்தி அச்சில் ஏற்றினார். அதனால் அவை நிலைத்தன. நாயனக்காரரின் சொந்தப் படைப்போ ராக ஆலாபனை. சுவாமி புறப்பாட்டில் பிறந்து, விடிவதற்குள் காற்றோடு போய்விடும். அதை எந்த ஏட்டிலும் முழுசாக எழுதி வைக்க முடியாது.

அதனால்தான் 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' ஒரு புண்ணியம் செய்தது. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில், எஸ்.ஜானகியின் குரலோடு சரிக்குச் சரி நின்ற ஆபேரி ராக 'சிங்கார வேலனே தேவா', கச்சேரி வாசலையே மிதிக்காதவர்களுக்கும் அந்த நாயனத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டே வருடத்தில், 1964-ல், அருணாசலம் மறைந்தார். மிச்சம் இருப்பவை சில ஒலிப்பதிவுகள்.

இன்றைக்கும் கல்யாண வீட்டில் நாயனம் ஒலிக்கத்தான் செய்கிறது. ஆனால், கெட்டிமேளம் கொட்டும் அந்த ஒரு நிமிடம்தான் அதன் பக்கம் நம் காது திரும்புகிறது. மற்ற நேரமெல்லாம் மேடைக்கு ஓரத்தில் ஒருவர் மூச்சைப் பிடித்து ராகம் வாசிக்க, நாம் பந்திக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முகூர்த்தத்தில் பத்து நிமிடம் அவர் எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். டிக்கெட் வேண்டாம். எதிரில் ஒருவர் ரசித்துக் கேட்கிறார் என்று தெரிந்தால், வாசிக்கிறவரின் கற்பனையும் தானாக விரியும்.