மணலுக்கு முன்னால் தண்ணீர்

சொந்தமாகக் குதிரை வாங்கியவரோ, சவாரிப் பள்ளி தொடங்க நினைப்பவரோ, யார் போன் செய்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அரீனாவுக்கு எந்த மணல் சார் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க போர்வெல் மே மாசம் தாங்குமா?" சம்பந்தமில்லாத கேள்வி போலத் தோன்றும். ஆனால் நம் ஊர் வெயிலில் திறந்தவெளித் திடல் அமைப்பவருக்கு அதுதான் முதல் கணக்கு.

காரணம் குதிரையின் காலில் இருக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு கணம் மொத்த உடம்பும் ஒரே காலில் இறங்கும். 450 கிலோ குதிரையின் முன்னங்காலில் அப்போது ஒரு டன்னுக்கும் மேல் சுமை. குளம்பு பட்டதும் தரை அதைச் சற்றே வழுக்க விட வேண்டும். அடுத்து எடையை வாங்க வேண்டும். கடைசியில் நுனி ஊன்றி எழும்பப் பிடி கொடுக்க வேண்டும். தரை இறுகிக் கிடந்தால் அதிர்ச்சி எலும்புக்கும் மூட்டுக்கும் போகும். மணல் ஆழமாகப் புதைந்தால் தசைநாண்கள் இழுபடும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2014-இல் வெளியிட்ட தரைப்பரப்பு அறிக்கை, பார்க்க வேண்டிய குணங்களை வரிசைப்படுத்துகிறது: முதல் தொடுகையில் உறுதி, எடையை வாங்கும் மென்மை, உந்தித் தரும் விசை, பிடிப்பு, இவற்றோடு சீர்மை. இவற்றில் சீர்மைக்கே நான் முதலிடம் கொடுப்பேன். கொஞ்சம் கெட்டியான தரைக்கு நாளடைவில் குதிரை பழகிவிடும். ஒரு அடி கெட்டி, அடுத்த அடி பொதபொத என்றால் எந்தக் காலாலும் பழக முடியாது.

சீர்மை அடித்தளத்தில் தொடங்குகிறது. மேல்மண்ணை வழித்தெடுத்து, கிராவல் பரப்பி, ரோலர் ஓட்டி, நூறு அடிக்கு ஒன்று முதல் ஒன்றரை அடி வாட்டம் கொடுக்க வேண்டும். சுற்றிலும் ஓட்டை போட்ட குழாய், அதன்பின் ஜல்லி, அதற்குமேல் சிப்ஸ், இரண்டையும் மணலிலிருந்து பிரிக்க ஜியோடெக்ஸ்டைல் துணி. துணியை விட்டுவிட்டால் ஜல்லி மெல்ல மேலே ஏறும். கல் மேலே வந்த திடலைப் பிறகு மொத்தமாகக் கிளறித்தான் எடுக்க வேண்டும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கும். அந்தத் தண்ணீருக்குப் போக வழி வைக்காமல் எந்த மணலைப் போட்டாலும் ஐப்பசியில் குளம்தான். கோவையின் கரிசல் நிலங்களில் சங்கடம் வேறு: மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் நேரடியாகத் திடல் போடக் கூடாது.

இப்போது மணலுக்கு வரலாம். கடற்கரை மணலை அள்ளச் சட்டம் அனுமதிக்காது, அனுமதித்தாலும் வேண்டாம். அலையில் தேய்ந்து உருண்ட மணிகள் ஒன்றையொன்று பற்றுவதில்லை. குதிரை வளைந்து திரும்பும்போது கேழ்வரகுக் குவியலில் கால் வைத்ததுபோல் நழுவும். கழுவாத எம்-சாண்ட் இதற்கு நேர்மாறு. அதில் இருக்கும் கல்தூள் வெயிலில் புழுதியாகிக் குதிரையின் மூச்சுக்குழலைக் கெடுக்கும். மழை பெய்து காய்ந்தால் தளம் போட்டதுபோல் இறுகும். நடுத்தரமான, மட்டான மணிகளாக, முனை லேசாக மழுங்கிய, கழுவிச் சலித்த மணல்தான் நமக்கு வேண்டியது.

லாரியை உள்ளே விடுமுன் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மீதித் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஓர் இரவு வைத்துவிடுவேன். காலையில் அடியில் மணலும் மேலே வண்டலும் தனித்தனியே நிற்கும். வண்டல் பட்டை விரல் கனத்துக்கு இருந்தால் லோடு திரும்பிப் போகும். மெல்லிய கோடாக இருந்தால் நல்லது. அந்தக் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்துவைக்க உதவும்.

எவ்வளவு போடுவது? 20 மீட்டருக்கு 40 மீட்டர் திடலில் மூன்று அங்குலம் நிரப்பச் சுமார் 21 யூனிட் ஆகும். ஆனால் முதலில் இரண்டு அங்குலம் போட்டு ஓட்டிப் பாருங்கள். போட்ட மணலை வாரி எடுப்பதைவிடக் குறைவதைச் சேர்ப்பது சுலபம். டிராட் ஓட்டிவிட்டு இறங்கித் தடத்தைப் பாருங்கள். குளம்பின் வடிவம் தெளிவாகப் பதிந்து, விளிம்பு சற்றே உதிர்ந்திருந்தால் சரி. வடிவமே இல்லாமல் வெறும் பள்ளமாகத் தெரிந்தால் மணல் காய்ந்திருக்கிறது, அல்லது ஆழம் அதிகம். லாடத்தின் கோடு மட்டும் தெரிந்தால் இறுகிவிட்டது.

தண்ணீர்க் கணக்கு இங்கேதான் வருகிறது. அந்தத் திடலில் ஒரு மில்லிமீட்டர் ஈரத்துக்கு 800 லிட்டர் வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் என்றால் 4,000 லிட்டர். கோடையில் இதைத் தினம் ஊற்ற முடியாதவர் வெறும் மணலை நம்பக் கூடாது. பாலியெஸ்டர் இழை கலந்தால் மணல் கட்டுக்கோப்பாக நிற்கும், ஈரமும் கூடுதல் நேரம் தங்கும், செலவும் கூடும். மெழுகு பூசிய மணலுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம் என்பார்கள். வெயில் ஏற ஏற மெழுகு இளகும். காலையில் ஒரு தரை, மதியம் வேறு தரை. நம் ஊருக்கு நான் அதைச் சொல்வதில்லை.

இதெல்லாம் செய்தாலும் ஓரத்தடம் பள்ளமாகும். மணல் வேலியோரம் ஒதுங்கும். அதை உள்ளே இழுத்துவிட வேண்டும். சாணத்தை உடனுக்குடன் அள்ள வேண்டும். விட்டால் மக்கித் தூளாகி மணலை அடைக்கும். ஆகவே எஸ்டிமேட்டில் ஸ்பிரிங்க்ளரும் இழுவைப் பலகையும் ஓர் ஆளின் சம்பளமும் சேரட்டும். பணம் போதாவிட்டால் 20-க்கு 60 என்று போட்ட திட்டத்தை 20-க்கு 40 ஆக்குங்கள். அடித்தளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.