ஒரு மஞ்சள் டயல் வாட்சும் நான் சொன்ன யோசனையும்



ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் பழைய கைக்கடிகாரம் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அதனால் வாரத்துக்கு ஒருவராவது, "சார், அப்பாரு வாட்ச் ஒண்ணு இருக்குதுங்க, என்ன வெலைக்குப் போகும்?" என்று போட்டோ அனுப்பி விடுகிறீர்கள். அதில் முக்கால்வாசி எச்.எம்.டி. தான். 1961-ல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்த எச்.எம்.டி., நம் தலைமுறையின் வாட்ச். நானும் முதன்முதலில் கட்டியது எச்.எம்.டி. ஜனதாதான்.

போன மாதம் வந்தது வேறு ரகம். 1991-ல் என்னிடம் பிளஸ் டூ படித்த மாணவன் நேரில் வந்து, கைக்குட்டையில் சுற்றிய வாட்சை மேசைமேல் வைத்தான். மஞ்சள் டயல் சீக்கோ. குரோனோகிராஃப். அதாவது, மணி காட்டும் வாட்சுக்குள்ளேயே ஒரு ஸ்டாப் வாட்ச்.

"பாப்பாவுக்குக் காலேஜ் பீசு கட்டோணும்ங்க சார். கடைக்காரரு ஒம்பதாயிரம்ங்கறாரு. நெட்டுல பாத்தா அறுவதாயிரம்னு போட்டிருக்குது. எது நெசம்னு நீங்கதான் சொல்லோணும்."

வாட்சைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அது எனக்குத் தெரிந்த வாட்ச்.

பீளமேட்டில் நாங்கள் குடியிருந்தபோது அவனுடைய அப்பா எங்களுக்குப் பக்கத்து வீடு. பம்ப் செட் பட்டறையில் டர்னர். குவைத் போய் நான்கு வருடம் லேத் ஓட்டிவிட்டு இந்த வாட்சோடு திரும்பி வந்தவர். 1986-ல் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ஸ்டாப் கிளாக் மக்கர் பண்ணியபோது, கூட்டத்தில் நின்றவர் சத்தமில்லாமல் கையிலிருந்து இதைக் கழற்றிக் கொடுத்தார். அன்று 400 மீட்டர் ஓட்டத்துக்கு நான் நேரம் குறித்தது இதில்தான்.

வாத்தியார் புத்தி, இங்கே ஒரு பாடம். 1973 நவம்பரில் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் போன வில்லியம் போக் என்ற அமெரிக்க வீரர், நாசா கொடுத்த ஒமேகாவோடு, சொந்தமாக வாங்கிய மஞ்சள் டயல் சீக்கோ ஒன்றையும் கொண்டுபோனார். 84 நாள் அது விண்வெளியில் இருந்தது. 1979 ஜூலையில் தலையில் விழப்போகிறது என்று ஊரே பயந்ததே, அதே ஸ்கைலாப்தான்! அந்தக் கதையால் இந்த மாடலுக்கு இன்றைக்கும் மவுசு.

இனி, அவன் எதிரில் நான் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவும்.

முதலில் முதுகு. கண்ணபுரம் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்வார்கள். சீக்கோவுக்குப் பல், பின்மூடியில் இருக்கும் நம்பர். முதல் எண் வருடம், இரண்டாவது எண் மாதம். இதில் 4, 9 என்று ஆரம்பித்தது. இந்த மாடல் 1969-லிருந்து பத்து வருடம்போல வந்தது என்பதால், இது 1974 செப்டம்பர். 6139-6002 என்ற மாடல் நம்பரும் அங்கேயே இருந்தது. குவைத் கணக்கோடு பொருந்துகிறது.

அடுத்து ஓட்டம். இதற்குச் சாவி கொடுக்க முடியாது. கையில் கட்டி ஆடினால்தான் உள்ளே ஸ்பிரிங் சுற்றும். மேல் பொத்தானை அமுக்கினால் விநாடி முள் கிளம்ப வேண்டும், மறுபடி அமுக்கினால் நிற்க வேண்டும், கீழ்ப் பொத்தானை அமுக்கினால் நேராக 12-ல் வந்து உட்கார வேண்டும். அரைக்கோடு தள்ளி நின்றாலும் செலவு இருக்கிறது என்று அர்த்தம். இது கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு நாள் என் கையில் கட்டிப் பார்த்தேன். நாளுக்கு ஒரு நிமிடம் பிந்தியது. சர்வீஸ் பார்க்காத வாட்சுக்கு அது குறையே இல்லை.

பிறகு ஒப்பணக்கார வீதிப் பக்கம் சந்துக்குள் இருக்கும் எனக்குப் பழக்கமான ரிப்பேர்காரரிடம் போய்ப் பின்மூடியைத் திறந்தோம். துரு இல்லை. திருகாணித் தலைகள் சிதையாமல் இருந்தன. கண்டவர்கள் கை வைத்திருந்தால் முதலில் சிதைவது அதுதான்.

கண்ணாடியில் கீறல். அது கணக்கே இல்லை, மாற்றிக்கொள்ளலாம்.

பிறகு கேஸ். இந்த மாடலில் மேல்பக்கம் மெல்லிய கோடுகள் ஓடும், ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும். இதில் ஓரமெல்லாம் மழுங்கி, சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. பட்டறையில் பஃபிங் போட்டிருக்கிறார்கள்.

கடைசியாக டயல். ஒரிஜினல் மஞ்சள், வெளிச்சத்தில் திருப்பினால் நடுவிலிருந்து கதிர் மாதிரி மின்னும். இது சுவருக்கு அடித்த பெயிண்ட் மாதிரி தட்டையாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்துகளின் விளிம்பு கசிந்திருந்தது. டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்க வேண்டிய நம்பர் அழிந்தே போயிருந்தது. மறுபெயிண்ட் டயல். பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது அந்த டயலைத்தான். என் கணக்கில், போன டயலோடு பாதி விலை போயிற்று.

"யாரோ ரிப்பேர்காரன் கெடுத்து வெச்சிருக்கான் கண்ணு" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் அந்த டயலுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னவன் நான்.

1994 என்று நினைவு. வேர்வை இறங்கி டயலில் கறை படிந்திருந்தது. வாசல் திண்ணையில் உட்கார்ந்து நான்தான் சொன்னேன்: "ஏனுங்க, இத்தனை நல்ல வாட்ச்சு, மூஞ்சிய மட்டும் இப்படி வெச்சிருக்கறீங்களே. டயலுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சு, கேஸுக்கு ஒரு பாலிஷ் போடுங்க, புதுசாட்டம் ஆயிடும்." அவர் தயங்கினார். பிறகு, "வாத்தியாரு சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்" என்றார். அடுத்த வாரமே செய்துகொண்டு வந்து காட்டினார். நானும் பளபளப்பைப் பார்த்துப் பாராட்டினேன். அன்றைக்கு எனக்கு வாட்ச் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

இதை அப்படியே அவனிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் சிரித்தான். "தெரியும்ங் சார். அப்பா சொல்லியிருக்கறாரு. வாத்தியாரு சொல்லித்தான் புதுசாக்குனேன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் காட்டுவாரு. எங் கல்யாண போட்டோவுல இந்த வாட்ச் தெரியறாப்பல கையை மடிச்சு வெச்சுட்டுத்தான் நிப்பாரு. அதான் உங்ககிட்டயே கொண்டாந்தேன்."

எனக்குப் பேச வரவில்லை. அவர் காலமாகிப் பதினாறு வருடம் ஆகிறது.

சரி, விலை. இணையத்தில் போட்டிருக்கும் அறுபதாயிரம், கேட்கிற விலை. விற்ற விலை அல்ல. அதுவும் டயல் மாறாத, பஃபிங் படாத வாட்சுக்கு. கடைக்காரர் சொன்ன ஒன்பதாயிரம், அவர் வாங்கி லாபம் வைத்து விற்பதற்கான விலை. இரண்டும் பொய்யில்லை, இரண்டும் இந்த வாட்சின் விலையும் இல்லை. இயந்திரம் சுத்தம், ஒரே கை ஓட்டிய வாட்ச், டயலும் கேஸும் போச்சு. இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள் என்று சொன்னேன். மிச்சத்தை நான் தருகிறேன் என்றதற்கு, "அதெல்லாம் வேண்டாம்ங் சார்" என்று எழுந்தே விட்டான்.

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு சேகரிப்பாளரிடம் பேசினேன். டயல் மறுபெயிண்ட், கேஸ் பஃபிங் என்பதை முதல் வரியிலேயே எழுதி, லென்ஸ் வைத்து எடுத்த போட்டோவும் அனுப்பினேன். 24,000-க்கு வாங்கிக்கொண்டார். பாப்பாவின் முதல் தவணை கட்டியாயிற்று.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டில் பழைய வாட்ச் இருந்தால், விற்கிற எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், துடைத்து மெருகேற்றாதீர்கள். பெயிண்ட் அடிக்காதீர்கள். கறை இருந்தால் இருக்கட்டும். முகம், முதுகு, பக்கவாட்டு என்று மூன்று போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால், இப்போது தெரியாது என்றே சொல்லப் பழகியிருக்கிறேன்.

வகுப்பில் இப்படித் தெரியாமல் உங்களுக்கும் ஏதாவது யோசனை சொல்லியிருப்பேன். அப்படி ஒன்று நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பிசிக்ஸ் வாத்தியார்