இரண்டு ஊசிகள்

2014 சித்திரையில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மாவுக்கு மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறாம் நாள் இடது கால் வீங்கியது. உள்ளே ஆழத்து நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கிறது, நுரையீரலுக்கு நகர்ந்தால் ஆபத்து என்றார் மருத்துவர். அன்றிரவே ஹெப்பாரின் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது.

புண் ஆறாத உடம்பில் இரத்தத்தை உறையவிடாத மருந்தா என்று கேட்டேன். அதனால்தான் இந்த மருந்து என்றார். சொட்டை நிறுத்தினால் சில மணி நேரத்தில் வீரியம் அடங்கிவிடும். கசிவு மிஞ்சினால் முறிக்கப் புரோட்டமின் இருக்கிறது. ஆனால் ஹெப்பாரின் ஆளுக்கு ஆள் வேறுவிதமாக வேலை செய்யும். ஆறு மணிக்கொரு முறை இரத்தம் எடுத்துப் பார்த்து அளவைத் திருத்த வேண்டும். நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் அம்மாவின் மெலிந்த கையில் நரம்பு தேடிய செவிலியரின் பொறுமையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

நான்காம் நாள் எனாக்ஸபாரினுக்கு மாற்றினார்கள். அதுவும் ஹெப்பாரின்தான், நீண்ட சங்கிலியை உடைத்துச் சிறிதாக்கியது. சராசரி மூலக்கூறு எடை ஏறத்தாழ 15,000-லிருந்து 4,500 ஆகிவிடுகிறது. சிறிய மூலக்கூறு இரத்தத்தின் பிற புரதங்களில் அதிகம் சிக்காததால் அதன் போக்கைக் கணிக்க முடிகிறது. சிறுநீரகம் சரியாக இருந்தால் எடைக்கேற்ற அளவு போதும், ஓயாத பரிசோதனை வேண்டியதில்லை. அம்மா 60 கிலோ. 12 மணிக்கொரு முறை 60 மில்லிகிராம். வீட்டிலேயே போடலாம். ஒரே ஒரு குறை, புரோட்டமின் இதை முழுமையாக முறிக்காது. மேலூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்துக்கு வாடகைக் காரில் திரும்பும்போது வழியெல்லாம் அந்தக் குறைதான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வார்ஃபரின் மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை ஊசி என் பொறுப்பு. தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலை மடித்துப் பிடித்து, நேராகக் குத்த வேண்டும். ஊசியிலுள்ள காற்றுக் குமிழை வெளியேற்றக் கூடாது. போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது. ஒரு வேளை வலம், மறுவேளை இடம். நான் பிறந்த வயிற்றில் நீலத் தழும்புகள் ஒவ்வொன்றாகக் கூடின.

மூன்றாம் நாள் அம்மா கேட்டாள்: "இது எதுலப்பா செய்றாங்க?"

முட்டைகூடத் தொடாத சைவம் அம்மா. 2008-ல் சீனாவிலிருந்து வந்த ஹெப்பாரினில் கலப்படம் சேர்ந்து அமெரிக்காவில் பலர் இறந்த செய்தியைப் படித்தபோதே அது பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது எனக்குத் தெரியும். எனாக்ஸபாரினுக்கும் மூலம் அதுவே. (1916-ல் பால்டிமோரில் ஜே மெக்லீன் என்ற மாணவர் தொடங்கிவைத்த ஆய்வு நாயின் ஈரலுக்கு இட்டுச்சென்றது, ஈரலுக்கான கிரேக்கச் சொல்லே மருந்தின் பெயராயிற்று. முறிக்கும் புரோட்டமினோ மீனின் விந்திலிருந்து வந்தது.)

"ஏதோ ரசாயனம்மா" என்றேன்.

"நல்லது" என்று சேலையை விலக்கிக்கொண்டாள்.

விலங்குப் பொருள் எதுவுமின்றி ஆய்வகத்திலேயே தயாராகும் ஃபோண்டாபாரினக்ஸ் என்றொரு ஊசி இருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அம்மாவுக்கு அது ஒத்துவந்திருக்குமா என்பதை மருத்துவர்தான் சொல்லியிருக்க முடியும். நான் கேட்கவேயில்லை. ஆடி வெள்ளியன்று அம்மா கம்பு ஊன்றி மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்தாள். நான் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.