அண்ணன் பணத்துக்குக் கணக்கு எழுதுங்கள்

வீட்டில் அறிவுசார் குறைபாடு உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அப்பா அம்மா இருக்கும்வரை சான்றிதழ், உதவித்தொகை, வங்கி என்று எல்லாவற்றுக்கும் அவர்களே அலைவார்கள். எந்தக் காகிதம் எந்தப் பையில் இருக்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஒருநாள் மொத்தப் பையும் உங்கள் கைக்குத்தான் வரும். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, மகனுக்கு நாற்பது. எனக்குப் பிறகு அவனைப் பார்க்கப்போகிறவள் அவன் தங்கை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், அந்த உதவித்தொகை யாருடைய பணம் என்பதில் தெளிவு வேண்டும். அரசு இரக்கப்பட்டுப் போடும் பணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குக் கொடுக்கும் தொகையைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்று அதன் 24-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே அலுவலகத்தில் கைகட்டிக் குனிந்து நிற்க வேண்டியதில்லை, எரிந்து விழவும் வேண்டியதில்லை. கேட்பது உரிமை என்று தெரிந்தவன் நிதானமாகவே கேட்பான். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது உங்கள் அண்ணனின் பணம். வீட்டு மளிகைக்கோ உங்கள் வண்டித் தவணைக்கோ உரியதல்ல. “அவனுக்கு எதுக்குய்யா காசு? வீட்டுச் செலவோட சேர்த்துக்க” என்று சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு மாமா இருப்பார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, எந்தப் பணம் எந்த வாசலில் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு வாசல்கள். அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு, தசைச்சிதைவு, தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன் போன்றவற்றுக்கான பராமரிப்பு உதவித்தொகையை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கொடுக்கிறது. மாதம் 2,000 ரூபாய். மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியம் வருவாய்த் துறையின் வழியாக வருகிறது. அதற்குத் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பார்க்க வேண்டும். இந்தத் தொகை 2023 தொடக்கத்திலிருந்து 1,500 ரூபாய். ஒருவர் இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். எந்த வாசல் என்று தெரியாமல் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் ஏராளம்.

இரண்டு வாசலிலும் முதலில் கேட்பது யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை. அதன் நிறமே பேசும். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் வாசற்படி. சில சான்றிதழ்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. அட்டையைத் திருப்பிப் பார்த்து அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

பலரும் தடுக்கி விழுவது பதினெட்டு வயதில்தான். பிள்ளை மைனராக இருக்கும்வரை பெற்றோரே காப்பாளர், வங்கியில் சிக்கல் இல்லை. பதினெட்டு முடிந்த மறுநாள் சட்டத்தின் கண்ணில் அவன் மேஜர். அவனால் கையெழுத்துப் போட்டுக் கணக்கை நடத்த முடியாது என்றால், பெற்ற தாய் போய் நின்றாலும் மேனேஜர் “நீங்கள் யார்?” என்றுதான் கேட்பார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999 இதற்கு வழி செய்திருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். ஆட்சியரோடு ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் அந்தக் குழுவில் இருப்பார்கள். அந்தக் குழு தரும் காப்பாளர் சான்றிதழை ஏற்றுக் கணக்கு நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பெற்றோர் மட்டுமல்ல, உறவினரும் விண்ணப்பிக்கலாம். அப்பா போன பிறகு ஓடுவதைவிட, அவர் இருக்கும்போதே “எனக்குப் பிறகு இவள்” என்று பேசி முடிவெடுப்பது நல்லது.

காப்பாளர் ஆனபின் உங்களுக்கு ஒரு கடமை வருகிறது. பொறுப்பேற்ற ஆறு மாதத்துக்குள் அண்ணனின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு, செலவு, கையிருப்புக் கணக்கையும் கொடுக்க வேண்டும். இது தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. ‘சொந்த அண்ணன் பணத்துக்கு நான் யாருக்குக் கணக்குக் காட்டுவது?’ என்று தோன்றும். உங்கள் அண்ணன் கேட்கமாட்டான் என்பதால்தான் அவனுக்காகச் சட்டம் கேட்கிறது. கேள்வி கேட்க முடியாதவனின் பணத்தைக் கையாளுகிறவன், தானே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் வீட்டில் அதற்கென்று ஒரு நீளக் கோடுபோட்ட நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு: முடிவெட்ட, வலிப்பு மாத்திரை, வெல்க்ரோ ஒட்டுகிற செருப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பரோட்டா. பரோட்டாவை எழுதுவதா என்று மகள் ஒருமுறை சிரித்தாள். எழுதத்தான் வேண்டும். கடையில் பணத்தை அவனே நீட்டுவான், மீதிச் சில்லறையை அவனே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொள்வான். உதவித்தொகையை முழுக்கச் சேமித்துவைத்து அவனைக் கிழிந்த சட்டையோடு உட்காரவைப்பது சிக்கனமல்ல. அது அவன் இன்றைக்கு வாழ்வதற்கான பணம்.

பணம் நிற்கும் நாளும் வரும். ஆயுள் சான்று கொடுக்கத் தவறினால் நிற்கும். ஆதார் இணைப்பு அறுந்தால் நிற்கும். விரல்கள் மடங்கிய பிள்ளைக்குக் கைரேகை விழாது, அப்போது கருவிழிப் பதிவைக் கேளுங்கள். எங்களுக்கு, வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்து கிளைக் குறியீடு மாறியபோது நின்றது. புதிய விவரத்தை மனுவாகக் கொடுத்தோம். மறுபடி போய்க் கேட்டால், “அப்படி ஒரு மனுவே வரலையே” என்றார்கள். முத்திரையும் தேதியும் போட்ட ஒப்புகையை மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை, நிலுவையோடு வந்து சேர்ந்தது. வாயால் சொல்லிவிட்டு வருவது சொல்லாததற்குச் சமம். எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். அங்கேயும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள்.

2,000 ரூபாயில் ஒருவர் வாழ்ந்துவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் மற்ற வழிகளையும் பார்த்து வைக்க வேண்டும். காப்பாளர் நியமனத்தில் நான் சொன்ன நான்கு வகையினருக்கும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் சேர்த்து. ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் அது இல்லை. அப்பாவோ அம்மாவோ அரசு ஊழியராக இருந்தால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். அவன் பெயரும் சான்றிதழும் அவர்கள் பணியிலோ ஓய்விலோ இருக்கும்போதே பதிவாகியிருந்தால் உங்கள் அலைச்சல் பாதியாகும்.

அடுத்த விடுமுறை நாளில் அப்பா பக்கத்தில் உட்காருங்கள். எந்த வங்கி, எந்த எண், எந்தத் தேதியில் எதைப் புதுப்பிக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘நான் சாகப்போகிறேன் என்று நினைக்கிறாயா?’ என்று அவர் முறைக்கலாம். முறைத்தால் முறைக்கட்டும், விடாமல் கேளுங்கள். அண்ணனையும் பக்கத்தில் உட்காரவையுங்கள், பேசுவது அவன் பணத்தைப் பற்றித்தானே.