அது என்ன சாதி?

நாம் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற நாளில், மழை ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதில், பேருந்து நிறுத்தத்தருகே நடுங்கிக்கொண்டிருந்த நாய்க்குட்டி ஒன்றை வீட்டிற்கு எடுத்து வந்தோம். செம்மண் நிறம், சுருண்ட வால், ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருந்தன. அன்னையார் முதலில் கடிந்துகொண்டார். பின்னர் அவரே கொட்டாங்கச்சியில் பால் ஊற்றி வைத்தார். மணி என்று பெயரிட்டோம்.

வீட்டிற்கு வந்தோர் அனைவரும் கேட்ட முதற்கேள்வி ஒன்றே: "இது ஜாதி நாயா?" நம் மொழியில் ஊறிவிட்ட இவ்வழக்கைச் சற்றே எண்ணிப் பாருங்கள். விலை கொடுத்து வாங்கிய அல்சேஷனும் பொமரேனியனும் ஜாதி நாய்கள். தெருவில் பிறந்ததோ வெறும் நாய். நாமும் வெட்கமுற்று, "ராஜபாளையம் கலப்பு" என்று கூசாமல் பொய் கூறி வந்தோம். ராஜபாளையம் நாய் வெண்ணிறமுடையது என்பதை அறிந்தோர் நகைத்தனர்.

அப்பொய்யின் வேர் எங்கிருந்தது என்பது கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் நாளன்று விளங்கிற்று. "எந்த ஊர்?" என்றார் ஒரு மாணவர். கூறினோம். "ஊரில் எந்தத் தெரு?" என்றார். இக்கேள்வியின் உட்பொருளை அறியாதவர் நம் நாட்டில் எவர்? தெருவின் பெயரைச் சொன்னால் குலம் வெளிப்பட்டுவிடும். "பேருந்து நிலையத்தின் பக்கம்" என்று மழுப்பினோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மணியின் பிறப்பை மறைத்த அதே நாக்கு நம் பிறப்பையும் மறைத்துவிட்டது!

சில திங்கள் கழித்து, நாய்களைப் பற்றிய ஆங்கில நூலொன்றை நூலகத்தில் புரட்டினோம். மணியை ஒத்த நாயின் படத்தின் கீழே 'பரையா நாய்' என்று அச்சிட்டிருந்தது. பறை முழக்கிய நம் மக்களின் பெயரை ஆங்கிலேயர் எடுத்துச் சென்று, ஒதுக்கப்பட்டோர் எவரையும் குறிக்கும் சொல்லாக ஆக்கினர். தெருவில் திரிந்த நாய்க்கும் அதையே சூட்டினர். நெஞ்சில் முள் தைத்தாற்போல் இருந்தது.

ஆயினும் மேலும் பயின்றோம். மனிதர் தேர்ந்து இணை சேர்க்காமல், இயற்கையே வார்த்தெடுத்த தொன்மையான வகை நம் நாட்டு நாய். நாய்களின் குலவரிசையைப் பதிவேட்டில் எழுதிக் காக்கும் இங்கிலாந்து நாய் வளர்ப்போர் கழகம் தோன்றியதோ 1873-இல்தான். இழிவென்று பிறர் எறிந்த பெயரையே தலைப்பாகச் சூட்டி, இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார் என்பதையும் அறிந்தோம். அவர் பெயரை மறைக்கவில்லை. அதன்மேல் படிந்த அழுக்கையே துடைக்க முயன்றார். மறுநாள் அம்மாணவரிடம் நம் தெருவின் பெயரைக் கூறினோம். விடுமுறையில் வீட்டிற்கு வருமாறும் அழைத்தோம்.

வந்தார். மணியைக் கண்டதும் மகிழ்ந்து மடியில் ஏற்றிக் கொஞ்சினார். அது அவர் கையை நக்கியது. தம் பையிலிருந்த பிஸ்கோத்தை ஊட்டினார். அன்னையார் காப்பி கொண்டுவந்தார். "இப்பொழுதுதான் குடித்தேன், அம்மா" என்று டம்ளரைத் தொடாமலே எழுந்துவிட்டார். ஞாயிறுதோறும் கல்லூரிக் கோவிலில் நம்மோடு ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்குபவர் அவர்! ஆறிப்போன காப்பியை அன்னையார் எடுத்துச் சென்றார், ஒன்றும் பேசவில்லை.

தீண்டாமை ஒழிக்கப்பட்டதென்று அரசியல் சட்டம் 1950-இலேயே கூறிவிட்டது. ஆயினும் தொடப்படாத டம்ளரின்மேல் எந்தச் சட்டம் பாயும்? அன்று ஓர் உண்மையை உணர்ந்தோம். நாயிடம் அன்பு காட்டுதல் எளிது. அது நம் பந்தியில் சரிசமமாக அமர இடம் கேட்பதில்லை. வாயில்லாப் பிராணிக்கு இரங்கும் நெஞ்சம் நல்ல நெஞ்சமே. ஆனால் அந்த இரக்கம் அடுத்த வீட்டு அடுக்களை வரை செல்லாவிடில் அது பாதி வழியில் நின்றுவிட்ட அன்பேயாகும். பிறர் செய்த குற்றம் இது. பெற்ற மண்ணை மறைத்து, பெறாத பெருமையைப் பூசிக்கொள்ள முயன்றது நம் குற்றம். இரண்டும் ஒரே ஏணியை நம்பியவை.

பெற்றோர்களே, குழந்தைகள் நாய்க்குட்டியை ஏந்தி வந்தால் அதன் சாதியைக் கேளாதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள். நண்பனை அழைத்து வந்தாலும் அவ்வாறே செய்யுங்கள். குழந்தைகள் நம் கேள்விகளிலிருந்தே உலகைக் கற்கின்றனர்.

இன்று மணியைக் காட்டி, "அது என்ன சாதி?" என்று எவரேனும் வினவினால், "தெருவில் கிடைத்த நாட்டு நாய்" என்கிறோம். எந்தத் தெரு என்று கேட்டால் அதையும் சொல்கிறோம்.